அரை மணிக்கொரு தரம் அணையும் கம்ப்யூட்டர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு உங்கள் அத்தை நலம். என் நலத்தைக் கேட்காதீர்கள், வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அரை மணி நேரம்கூட ஓடுவதில்லை, பட்டென்று அணைந்துவிடுகிறது. போனில் சொன்னதற்கு, "வேற ஓ.எஸ். இருக்கிற பென்டிரைவ் போட்டு ஓட்டிப் பாருங்க மாமா. அப்பவும் அணைஞ்சா மெஷின் கோளாறு, அணையலேன்னா சாஃப்ட்வேர் கோளாறு" என்றீர்கள். மெஷின் பெட்டிக்கு உங்கள் அத்தை பஞ்சு வைத்து ஒரு உறை தைத்திருக்கிறார். ஒயர் நுழைய மட்டும் ஒரு கண். தூசி அண்டக்கூடாது என்று ஓடும்போதும் கழற்றுவதில்லை. பொருளைப் பேண எங்களுக்குத் தெரியும். உறையைக் கழற்றி, பென்டிரைவைச் செருகி உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் அணையவில்லை. "அப்போ சாஃப்ட்வேர்தான், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க" என்றீர்கள். போட்டேன். நான் எழுதிய பாடப் புத்தகத்தின் முதல் மூன்று பாடங்களும் அதோடு போயின. உறையை மாட்டி நாலாம் பாடத்தை ஆரம்பித்தேன். இருபத்தெட்டாவது நிமிடம் அணைந்தது.

கடைக்குத் தூக்கிப் போனேன். மெக்கானிக் உறையை உருவி ஓரமாகப் போட்டுவிட்டுப் பகல் முழுக்க ஓட்டினார். "மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். சாஃப்ட்வேர் போட்டவருக்குத்தான் விவரம் பத்தல" என்றார். உங்களிடம் சொன்னால், "அந்தாளுக்கு என்ன தெரியும், மதர்போர்டு போயிருக்கும்" என்கிறீர்கள். அவர் உங்களைக் கைகாட்ட, நீங்க அவரைக் கைகாட்ட, நடுவுல நான் லோல்படறேன். முப்பத்தோரு வருஷம் பிசிக்ஸ் வாத்தியாரா இருந்தவன் நான், காரணம் இல்லாம காரியம் இல்லேன்னு பிள்ளைங்க மண்டையில ஏத்தினவன். திங்கட்கிழமைக்குள்ள நாலு பாடமும் போகலேன்னா, பதிப்பகத்துக்காரங்க புத்தகத்தையே அந்தக் கெமிஸ்ட்ரிக்காரர்கிட்ட கொடுத்துடுவாங்களாம். ஸ்டாஃப் ரூம்ல இருபது வருஷம் என் நாற்காலியில உட்கார்ந்த மனுஷன் அவர். இதையும் அவர் பிடிச்சுக்கிட்டார்னா நீங்கதான் பொறுப்பு. உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்த புண்ணியவானை நான் ஒரு தடவை பார்க்கணும்.

மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். உங்களுக்கு, மெஷின் சரியான பிறகு.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை மெஷின் உறையைத் துவைக்க எடுத்துப் போய்விட்டார். காலையிலிருந்து மெஷின் அணையவேயில்லை. நீங்கள் சொல்லி நான் நகல் எடுத்த மூன்று பாடங்களும் மேஜை டிராயரில் வேறொரு பென்டிரைவில் இருக்கின்றன. நாலாம் பாடமும் முடிந்தது. தலைப்பு, 'வெப்பம் வெளியேறும் வழிகள்'. பிசிக்ஸ் வாத்தியார் இதைக் கோட்டைவிட்டதை என் மகளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மெஷினுக்கும் ஒரு உறை நேற்றே கூரியரில் கிளம்பிவிட்டது. தயவுசெய்து மாட்டாதீர்கள். மாட்டியிருப்பதாக மட்டும் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.