பிரித்துக் கொண்டுபோனால் பத்திரம்

உலகத்தில் பத்திரப்படுத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் அது எப்படி உடையும், எப்படி நனையும், எவன் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். இவர்களிடம் போன பொருளுக்குச் சேதம் வராது. அதனால் யாருக்கும் பிரயோசனமும் வராது.

தொண்ணூற்றேழில் எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு ஒரே ஒரு லேப்டாப் வந்தது. அதை மார்க்கெட்டிங் கிறிஸ்துதாஸ் சாரிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை ரயில் பெர்த்தில் சூட்கேஸுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்த மனிதர், லேப்டாப்போடு டெல்லிக்கு விமானம் ஏறவேண்டும். அங்கே ஒரு டிராக்டர் கம்பெனிக்கு எங்கள் உதிரிபாக டிசைனை அதில் காட்டி ஆர்டர் வாங்கவேண்டும். ஆர்டர் வந்தால் ரெண்டாவது ஷிப்ட் ஓடும். வராவிட்டால் அந்த ஷிப்ட்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நான் ஸ்டோர்ஸில் இருந்ததால் அவருடைய ஏற்பாடுகளை முழுசாகப் பார்த்தேன். மனைவி செலினின் பட்டுப்புடவையைச் சுற்றியிருந்த மல் துணியை உருவி லேப்டாப்புக்குச் சுற்றி, அதன்மேல் என்னிடம் வாங்கிய தெர்மாகோல் வைத்து, அதன்மேல் ரெக்ஸின் உறை தைத்து, பூட்டும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டு வீட்டிலிருந்து கோயிலுக்கு மந்திரிக்க எடுத்துப்போனார். தீர்த்தம் பட்டுவிடக்கூடாது என்று அதற்கும் மேலே ஒரு பாலிதீன் பை.

"திறந்து வைக்கலாமே?" என்றார் ஃபாதர்.

"ஈரம் ஆகாது ஃபாதர். நீங்க மேலாப்புல தெளிங்க."

ஃபாதர் பாலிதீன் பையை ஆசீர்வதித்தார்.

இதெல்லாம் சாதாரணம். அவருடைய மேதாவித்தனம் இனிமேல்தான். கல்யாணத்துக்கு வெளியூர் போகும்போது நம் வீட்டுப் பெண்கள் நகையெல்லாவற்றையும் ஒரே பையிலா வைக்கிறார்கள்? ஆரம் தன்னிடம், வளையல் தங்கையிடம், நெக்லஸ் முறுக்கு டப்பாவுக்குள். கிறிஸ்துதாஸ் சார் அதே முறையை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தார். மெஷின் தன் கையில். பேட்டரி, விமானத்தின் வயிற்றுக்குள் போகிற சூட்கேஸில், பேண்ட் மடிப்புக்குள். சார்ஜர், சாம்பிள் பீஸ்களோடு முன்கூட்டியே ரயிலில் கிளம்பவிருந்த ஃபிட்டர் பக்தவத்சலத்திடம்.

"எவன் திருடினாலும் முழுசா கிடைக்காது பாருங்க" என்றார் என்னிடம்.

பக்தவத்சலம் தலையைச் சொறிந்தார். "இன்னா சார், அல்லாம் ஒண்ணா கீறதுதானே நல்லது?"

"நீ உன் பொண்டாட்டிக்கு நகை வாங்கிப் போட்டிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப பேசாதே."

மீனம்பாக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி லேப்டாப்பை ஆன் பண்ணிக் காட்டச் சொன்னார். "பேட்டரி சூட்கேஸ்ல போயிடுச்சு" என்றார் இவர். "சார்ஜர்?" "ரயில்ல வருது." மூன்று பேர் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்து, இந்த மெஷினால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று முடிவு செய்து விட்டுவிட்டார்கள். விமானத்தில் மேலே வைத்தால் மற்றவர் பெட்டி அழுத்தும், கீழே வைத்தால் கால் படும் என்று மடியிலேயே வைத்து, பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டு, ஜூஸ் வேண்டாமென்று சொன்னதோடு நிற்காமல் பக்கத்து சீட்காரருடைய ஜூஸையும் திருப்பி அனுப்பினார்.

டெல்லியில் மடி இறங்கியது, சூட்கேஸ் இறங்கவில்லை. அது ஹைதராபாத்துக்குப் போயிருந்தது. ரயில் நாக்பூரைத் தாண்டி எங்கோ இன்ஜின் கெட்டு நின்றது.

மறுநாள் காலை டிராக்டர் கம்பெனி அதிகாரிகள் முன்னால் ரெக்ஸின், தெர்மாகோல், மல் துணி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. மெஷின் பளபளவென்று இருந்தது. அவர்களுடைய சார்ஜர் எதுவும் அதற்குச் சேரவில்லை.

"டிராயிங் பேப்பர்ல இல்லையா?"

"ஜெராக்ஸ் எடுத்துடுவாங்க சார்."

"ஃப்ளாப்பி?"

"வைரஸ் வரும்."

மத்தியானம் பூனாவிலிருந்து போட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து சார்ட் பேப்பரை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் டீ கிளாஸை வைத்து, ஆர்டரை வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பக்தவத்சலம் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தார். சார்ஜரைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். "ரயில்ல எங்கியும் கீழ வைக்கல சார். ஆர்டர் இன்னா ஆச்சு?"

கிறிஸ்துதாஸ் சார் முதலில் ஒயரைத் தடவிப் பார்த்தார். "பின்னு வளையவே இல்ல. நல்ல காலம்."

"ஆர்டர் சார்?"

"அது போயிடுச்சு."

மாதக் கடைசியில் ரெண்டாவது ஷிப்ட் நின்றது. கணக்கு முடித்து அனுப்பியவர்களில் பக்தவத்சலமும் ஒருவர். எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. முதலாளி ரகுநாதன், கிறிஸ்துதாஸ் சாரைக் கூப்பிட்டுத் திட்டினாரா? லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லையே என்றார், அடுத்த பயணத்துக்கும் நீங்களே எடுத்துப்போங்கள் என்றார். முதலாளியும் அதே இனம்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு டார்ச் லைட் பீரோவில், வாங்கிய அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. செல் கசிந்து டார்ச்சைக் கெடுத்துவிடும் என்று கழற்றித் தனியாக வேறு எங்கோ வைத்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் கரண்ட் போகிற நேரம் நெருங்குகிறது.

செல் எங்கே?