கழுதைக்காது மலையில் நான் மாமனாரான கதை

அன்புள்ள எர்லிண்டா அக்காவுக்கு,

ஆஹோவிலிருந்து தம்பி ரமீரோ எழுதுவது. இங்கே வீட்டுக்காரி சோய்லாவும் மகள் நயேலியும் நலம். நானும் உட்காரும் இடம் தவிர மற்ற இடங்களில் நலம். சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், கோணல் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். அத்தானின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்.

நம் நயேலி வெண்டல் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் பிடிவாதம் பிடிப்பது உனக்குத் தெரியும். வீட்டு ஏர்கூலர்களைப் பழுது பார்க்கிறவன். ஆள் மோசமில்லை, ஆனால் லீவு கிடைத்தால் பாறையில் தொற்றி ஏறுகிறான். அப்படிப்பட்டவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, என்றைக்கு என்ன செய்தி வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். "ஒரு நாள் அவன்கூட மலைக்குப் போய்ட்டு வாங்கப்பா. அப்புறமும் வேண்டாம்னா நான் வாயத் தொறக்கல" என்றாள் நயேலி. கழுதைக்காது மலையைப் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேனே தவிர, நான் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸின் படியைவிட உயரமான எதிலும் ஏறியவன் இல்லை. இருந்தாலும் ஆளை எடைபோட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று போன சனிக்கிழமை கிளம்பினேன்.

விடிந்தபோது பல் கிட்டும் குளிர், சோய்லா மூன்று ஸ்வெட்டர் போட்டு அனுப்பினாள், அடிவாரத்து மணலைத் தாண்டுவதற்குள் வெயிலில் மூன்றும் கழன்று இடுப்புக்கு வந்துவிட்டன, தொப்பியைக் காற்று கொண்டுபோனது, அதைத் துரத்திப் பிடித்த பெருமையில் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தேன், கல்லில் எனக்கு முன்பே தாவிக்கள்ளித் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அது தொட்டால் விடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெண்டல் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தான்.

"குப்புறப் படுங்க மாமா."

"பொண்ணக் குடுக்கிறதுக்கு முன்னாடியே மாமாவா?"

"சரி, ரமீரோ ஐயா. குப்புறப் படுங்க."

சீப்பால் கள்ளியை நெம்பி எறிந்துவிட்டு, மிச்ச முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். சிரிக்கவில்லை அக்கா. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அதற்கு மேல் மலை செங்குத்தாகப் பிளந்து ஒரு சந்துபோல் போகிறது. கையையும் காலையும் மாற்றி மாற்றி ஊன்றி ஏற வேண்டும். பாதி ஏறியதும் முட்டாள்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். ஊரே கொட்டிவைத்த பீன்ஸ் விதைபோலக் கிடந்தது. கால்கள் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டன.

"வலது காலை மேல வைங்க," என்றான் எனக்குக் கீழே நின்றவன்.

"எந்த வலது?"

"உங்ககிட்ட இருக்கிற வலதுதான்."

என்னால் முடியவில்லை. அழுகை வந்தது. "தம்பி, என்னை உசுரோட எறக்கிடு. பொண்ண உனக்கே குடுத்திடறேன்" என்றேன்.

அவன் என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். "அதெல்லாம் தரையில நின்னு பேசுற பேச்சு. இங்க நீங்க எது சொன்னாலும் செல்லாது. கல்லை மட்டும் விடாதீங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இப்படியே நிக்கிறேன்."

நின்றான். என் நடுக்கம் அடங்கும்வரை நின்றான். என் முழு பாரமும் அந்தக் கையில். பிறகு எப்படியோ என் வலது கால் தானாகவே மேலே போயிற்று.

உச்சியில் நின்றேன் அக்கா. மெக்சிகோவரை தெரிந்தது. தொப்பியைக் கழற்றி ஊரைப் பார்த்து ஆட்டி, பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன். அவன் பின்னால் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு வந்து பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோ ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினான். இறங்கித் தரையில் கால் வைத்ததும், "இப்பச் சொன்னா செல்லுமா மாப்ள?" என்று கேட்டேன். அவன் அப்போதுதான் அழுதான்.

கல்யாணம் மார்ச்சில். அத்தானோடு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடு. கழுதைக்காது ஏறிய மாமனார் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று பாதிரியாரிடமும் சலூனிலும் தபால் ஆபீசிலும் சொல்லியாயிற்று. கன்னி மரியாள் உங்கள் வீட்டையும் அத்தானின் முழங்காலையும் காக்கட்டும்.

உன் தம்பி,
ரமீரோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நயேலி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் ஏறியது கழுதைக்காது இல்லையாம். அதற்கு முன்னால் நிற்கும் மொட்டைக் குன்றாம், அதற்குப் பெயர்கூடக் கிடையாதாம். நிஜ உச்சிக்கு இன்னும் அரை நாள் ஏற வேண்டுமாம். மேலே நான் தொப்பியை ஆட்டி அழுததைப் பார்த்து, அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லையாம். எனவே மலையைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கல்யாணத்தை மட்டும் அடிக்க வேண்டாம்.