தொண்ணூறு டிகிரி ஓய்வு

ஒரு மனிதர் தன் வீட்டுப் பின்புறம் படுத்துத் தூங்குவது எவ்வளவு பெரிய விவகாரம் என்று, குடியிருப்பு அலுவலகம் எடுத்துச் சொல்லும்வரை எங்களில் யாருக்கும் தெரியாது. அறியாமையிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கீழ்த்தளத்தில் இருப்பவர் டிரைவர் அண்ணன். பாதி ஆயுளைப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வை அரசாங்கம் கொடுத்தது, முதுகு கொடுக்கவில்லை. கட்டிலில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தரையில் படுத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார், தலை தொங்கும், திடுக்கிட்டு விழித்து "ஸ்டாப் வந்துடுச்சா?" என்பார். "வந்துடுச்சு, இறங்குங்க" என்பார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்; ஆனால் அவர் கண்ணில் கவலை இருக்கும்.

அந்த அண்ணிதான் கனமான பழைய திரைச்சீலைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பெரிய ஆளைத் தாங்கும் தூளி ஒன்று செய்தார். பின்புற வராந்தாவின் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டினார்கள். குழந்தைத் தூளிக்கு யாரும் கோணம் பார்ப்பதில்லை. பெரிய ஆளுக்குப் பார்த்தாக வேண்டும். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டியபோது அண்ணன் உருண்டு கீழே வந்தார். தளர்த்தியபோது முழங்கால் தாடையை இடித்தது. தலைப்பக்கத்தை உயர்த்தினால் கால்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனார். நாங்களெல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அதற்கு மட்டும் எங்களுக்கு எப்போதும் நேரம் உண்டு.

கடைசியில் கயிறு இரண்டும் நன்றாகச் சரியும்படி விட்டு, கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, துணிக்குக் குறுக்கே கொஞ்சம் கோணலாகப் படுத்துப் பார்த்தார். முதுகு சமமாக விரிந்தது. "அட, இதுதான்..." என்று ஆரம்பித்த பேச்சு பாதியில் நின்று, குறட்டை வந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது இப்படியிருக்க, மாடிப்படி ஓரமாக வரும் பெரிய தண்ணீர்க்குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் குடியிருப்பு அலுவலகத்துக்கு மனுமேல் மனு போட்டிருந்தோம். ஒருநாள் மேற்பார்வையாளரே நேரில் எழுந்தருளினார். கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டம். குழாயடித் தண்ணீரை, நனையாதபடி பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு தாண்டியவர், நேரே வராந்தாவுக்குப் போய், தூளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"தூளி சார்" என்றார் அண்ணன், படுத்தபடி.

"தரைக்கு மேல, கூரைக்குக் கீழ, ஆள் தங்குற சமதளம். இதுக்குப் பேரு மாடி. அனுமதி இல்லாம ஒரு மாடி எழுப்பியிருக்கீங்க."

"இது துணி சார்."

"எதால கட்டினீங்கன்னு நான் கேக்கலையே" என்றவர், ரசமட்டத்தை அண்ணன் வயிற்றின்மேல் வைத்தார். "கொஞ்சம் மூச்சைப் பிடிங்க... பாருங்க, குமிழி நட்டநடுவுல நிக்குது. சந்தேகமே இல்ல, மாடிதான்."

அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்படின்னா ஒரு பக்கமா சாய்ச்சுக் கட்டிக்கட்டுமா சார்?"

"சாய்ச்சா அது படிக்கட்டு. படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். அதோட அது பொதுவழி. யார் ஏறிப்போனாலும் இவரு தடுக்கக் கூடாது."

"இவர் மேல ஏறியா?"

"படிக்கட்டுல போய்ப் படுக்கறது யார் தப்பும்மா?"

மேற்பார்வையாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மாடியும் இல்லாம, படிக்கட்டும் இல்லாம இருக்க ஒரே வழிதான் இருக்கு. செங்குத்தாத் தொங்கவிடுங்க. தொண்ணூறு டிகிரி. அப்போ அது திரைச்சீலை. அதுக்கு அனுமதி உண்டு."

"அதுல எப்படி சார் படுக்கறது?"

"படுக்கறதப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. ஆனா ஓய்வெடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதுல யாரும் தலையிட முடியாது."

மேற்படி தொங்குபொருளைத் தரைக்குச் செங்குத்தாக, உபயோகிப்பவர் நின்ற நிலையில் இளைப்பாறும் வண்ணம் அமைத்துக்கொள்ள இதனால் அனுமதி வழங்கப்படுகிறது என்று கடிதமும் வந்தது. தூளியைச் சான்றுப் பொருள் என்று சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த திரைச்சீலை ஒன்றை அண்ணி தொங்கவிட, அண்ணன் அதில் சாய்ந்து நின்று கண்ணை மூடினார்.

அந்தக் காட்சியை மூன்றாம் மாடியிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியை பார்த்தார். ஃபோனில் படமெடுத்து, "செங்குத்து ஓய்வு" என்று தலைப்புக் கொடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். படுத்துத் தூங்குவது உடம்பை மந்தமாக்கும், நிமிர்ந்து தூங்குபவரே வாழ்க்கையில் நிமிர்வார் என்று விளக்கமும் எழுதினார். பிறகு கேட்க வேண்டுமா? கடைகளில் செங்குத்துத் தூளி வந்துவிட்டது. பார்க்க ஜன்னல் திரை போலவே இருக்கும்; விலை மட்டும் கட்டில் விலை. வீட்டுக்கு வந்தவர்கள் "இன்னுமா படுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல், இருந்த கட்டிலை விற்று நாங்களும் ஒன்று வாங்கினோம். ஆரம்பத்தில் கால் கடுத்தது. மனைவி பார்க்கிறாளே என்று நான் பொறுத்துக்கொண்டேன். நான் பார்க்கிறேனே என்று அவள் பொறுத்துக்கொண்டாள். போகப் போகப் பழகிவிட்டது.

"முதுகு எப்படிண்ணே இருக்கு?" என்று அண்ணனைக் கேட்டேன். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"நீங்க எல்லாரும் பிரமாதம்கறீங்க. எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறு போல" என்றார்.

இந்த நிலையில் அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. சுருட்டி வைத்தால் சான்றுப் பொருளில் மடிப்பு விழுந்துவிடும் என்று, தன் அறையிலேயே அதைக் கட்ட முயன்றிருக்கிறார் மேற்பார்வையாளர். பாரம் ஏற்றிப் பார்த்தால்தானே மாடி என்று நிரூபிக்க முடியும்? அதனால் தாமே படுத்தும் பார்த்திருக்கிறார். நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது.

"அன்னிக்கு இருந்த அதே கோணத்துல கட்டிக் குடுங்க. அப்பத்தான் குற்றம் நிக்கும்."

அண்ணனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கயிற்றைச் சரியவிட்டு, கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, "கொஞ்சம் குறுக்கால படுங்க சார்" என்றார். "அட, இதுதான்..." என்ற மேற்பார்வையாளர் அதோடு சரி.

கயிறு தினமும் கொஞ்சம் இளகும் அல்லவா? அதனால் அண்ணன் தினமும் வந்து கோணம் பார்த்துக் கட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சம்பளம் கிடையாது, கோண ஆலோசகர் என்ற பட்டம் உண்டு.

"அவர் படுத்தா மட்டும் அது மாடி இல்லையாண்ணே?"

"மாடிதானாம். ஆனா அலுவலகம் மாடி கட்ட யார்கிட்ட அனுமதி கேக்கும்? குடுக்கறதே அவங்கதானே."

பிறகு ஒருநாள் குழாய் அடியோடு உடைந்தது. தண்ணீர் நேராகக் கீழ்த்தளத்துக்குள், அதாவது அண்ணன் வீட்டுக்குள்ளேயே பாய்ந்தது. அண்ணி முறத்தால் அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கொதித்துப் போய்க் கூட்டமாக அலுவலகத்துக்குக் கிளம்பினோம். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனோம்.

அறை வாசலில் அண்ணன் நின்றிருந்தார். ஒரு கை இடுப்பில்; மறு கையின் விரல் உதட்டில்.

"மெதுவா. இப்பத்தான் கண்ணசந்தாரு."

"உங்க வீட்டுக்குள்ளதாண்ணே தண்ணி!"

"தெரியும்ப்பா. இப்ப எழுப்பினா துள்ளி எழுவாரு. கோணம் கெட்டுடும். மறுபடி மொதல்லேருந்து கட்டணும்." கதவிடுக்கில் உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லா தூங்கறாருல்ல?" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. ஏக்கமும் இருந்தது.

சரி, அவரே எழுந்திருக்கட்டும் என்று வரிசையில் நின்றோம். நின்றோமே தவிர, இத்தனை நாள் பழகிய பழக்கம் சும்மா விடுமா? முன்னால் நின்றவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். அடுத்தவர் அவர் முதுகில் சாய்ந்தார். உடற்பயிற்சி ஆசிரியை நிமிர்ந்தபடியே குறட்டை விட்டார். எனக்கும் கண் சொருகியது. "சத்தம் போடாதீங்க, எல்லாரும் தூங்கறாங்க" என்று அண்ணன் ஃபோனில் யாரிடமோ சொன்னதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது.

அந்தக் கட்டடத்தில் அப்போது விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.