படம் வந்துவிட்டது, கலர்தான் பாக்கி

உங்களுக்கு ஒரு ஜீவராசியை அறிமுகம் செய்துவைக்கிறேன். பார்க்க நம்மைப் போலவே இருக்கும். வேலைக்குப் போகும், வரி கட்டும், தலைவலி என்றால் மாத்திரை போடும். ஆனால் மாலையானதும் ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, தான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் விற்ற ஒரு கம்ப்யூட்டருக்கும், நேற்று முன்தினம் கடைக்கு வந்த ஒரு கருவிக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும். இந்த இனத்துக்கு டிரைவர்காரர் என்று பெயர். வாசலில் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். இவர் ஓட்டுபவர் அல்ல, எழுதுபவர்.

எதை எழுதுகிறார்? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கீபோர்டுதான் கம்ப்யூட்டர், தடியாக, பழுப்பேறி, முதுகில் டி.வி.யில் செருக ஒரு வயரோடு இருக்கும். இந்தக் காலத்தில் லேப்டாப்புக்கு இரண்டாவது திரை வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. துளையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியைச் செருகுகிறோம் அல்லவா, அது டிஸ்பிளே அடாப்டர். பழையது ஓய்வு பெற்றபோது புதியது பிறக்கவே இல்லை. பழையதில் அந்தத் துளைகூடக் கிடையாது. துளைக்கென்றே தனியாக ஓர் அட்டை செய்து யாரோ விற்கிறார். அவரும் இதே இனம்தான். அட்டையைப் பொருத்தி, தீப்பெட்டியைச் செருகி, மறுமுனையில் மெல்லிய புதுத் திரையை மாட்டினால் ஒன்றும் நடக்காது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேச ஒரு புரோகிராம் வேண்டும். அதுதான் டிரைவர்.

"இதனால யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் வாய் தவறிக் கேட்டுவிட்டு, காலையில் உட்கார்ந்தவர் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தார். லாபம் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு தெரியும் என்றால், என் அக்காவை இந்த இனத்தில்தான் கட்டிக்கொடுத்தோம். அப்போது தெரியாது. அத்தான் நல்ல மனிதர். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "பழைய சாமான்ல கொஞ்சம் ஆர்வம்" என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் இரண்டு பித்தளைக் குடம் வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். முட்டி, இடுப்பு, தோள்பட்டை என்று பிடித்துக்கொண்டவர்களை நடக்க வைப்பது அவள் தொழில். பல வருஷம் யாரோ ஒருவருடைய கிளினிக்கில் அவர் சொன்ன நேரத்துக்குப் போய் அவர் சொன்ன நேரத்துக்கு வந்தவள். சொந்தமாக ஒன்று வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல் வீட்டில் ஒரு முன்னறை இருந்தது: தெருப் பக்கம் தனி வாசல், படி கிடையாது, நல்ல வெளிச்சம். அந்த அறையில்தான் அத்தானின் பழைய கம்ப்யூட்டரும், அதற்கென்று உள்ள குண்டு மானிட்டரும் குடியிருந்தன. மானிட்டர் என்றால் சாதாரண மானிட்டர் இல்லை. இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் மூச்சு வாங்குவார். மாடியில் ஒரு சின்ன அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அங்கே இருக்கும் பலகை அந்தப் பாரத்தைத் தாங்காது.

அத்தான் வாக்குக் கொடுத்தார். "டிரைவர் மட்டும் முடியட்டும். இந்த குண்டு மானிட்டரே வேண்டாம். மெல்லிசுத் திரைய மாட்டிகிட்டு எல்லாத்தையும் மாடிக்குக் கொண்டு போயிடறேன். ரூம் உனக்குத்தான்." அவர் பொய் சொல்லவில்லை. இந்த இனம் பொய்யே சொல்லாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. அக்கா நம்பி, கிளினிக்கில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றாள்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் டிரைவர்காரரின் வாழ்க்கை முறை இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்தத் தீப்பெட்டியைச் செய்த கம்பெனி, அதனிடம் எப்படிப் பேசவேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, இரண்டும் வயர் வழியாக என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்க வேண்டும். அத்தான் கேட்டார். மாதக் கணக்கில் கேட்டார். சாப்பாட்டு மேசையில் அக்கா, "கட்டிலுக்கு ஆர்டர் குடுத்துட்டேங்க" என்று மூன்று தரம் சொன்னது அவர் காதில் விழவில்லை. வயருக்குள் போன ஒரு எண் மட்டும் தப்பாமல் விழுந்தது.

அடுத்தது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. புதுத் திரையில் படம் வரவில்லை. ஏன் வரவில்லை? காரணத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தில் சொல்லும். எங்கே சொல்லும்? திரையில். எந்தத் திரையில்? பழைய குண்டுத் திரையில்தான். புதுத் திரைதான் இன்னும் பேசவில்லையே. ஆக, பழைய மானிட்டரை ஒழிப்பதற்காகச் செய்யும் வேலைக்குப் பழைய மானிட்டர் இல்லாமல் முடியாது. அது பழுதாகிவிட்டால்? அதற்காக இன்னொரு பழைய மானிட்டர் வாங்கி வைத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எவரோ இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டிரைவர்காரருக்கு ஒரு சடங்கு உண்டு. ஏதாவது ஒன்று நகர்ந்தால் வீட்டில் உள்ளவர்களையும், அடிக்கடி வந்துபோகும் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவது. "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்ற குரல் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் போய் நிற்கவேண்டும். முதல் தடவை ஒரு கறுப்புத் திரையைக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே அத்தான்."

"ஆமா. ஆனா நேத்து இருந்த கறுப்பு வேற, இது வேற. இது திரை முழிச்சிகிட்டு இருக்கிற கறுப்பு."

பிறகு ஒருநாள் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். அதன்பின் கோடுகள், கட்டங்கள். கடைசியில் ஒரு போட்டோவே வந்தது. வந்தது என்றால் சட்டென்று வந்துவிடவில்லை. பழைய கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பெரிய படத்தை அனுப்ப மூச்சு முட்டும். மேலிருந்து கீழாக, ஜன்னல் திரையை இழுத்து விடுவதுபோல் மெல்ல இறங்கும். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். கூந்தல் வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. அக்காவின் போட்டோ. எல்லாம் சரி, முகம் மட்டும் கத்தரிப்பூ நீலம்.

"செவப்பும் நீலமும் இடம் மாறிப் போயிருக்கு. படம் வந்துடுச்சு, கலர்தான் பாக்கி" என்றார் அத்தான்.

"இந்த நெறத்துல ஒருத்தி என்கிட்ட வந்தா நான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருப்பேன்" என்றாள் அக்கா.

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள். "எப்பங்க முடியும்?" என்று வாரத்துக்கு ஒருதரம் கேட்பாள். "இதோ, கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு" என்பார். இந்தக் கிட்டத்தட்ட என்பது இந்த இனத்தின் தாய்மொழி. தன் டிரைவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் போட்டு இணையத்தில் வெளியிடுவார். அந்த நம்பர் முழுசாக ஒன்று ஆகவே ஆகாது. புள்ளி ஏழு, புள்ளி ஏழு ஒன்று, புள்ளி ஏழு ஒன்று ஒன்று என்று, கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடும் மாப்பிள்ளைபோல ஒன்றின் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள். அதிலும் ஓர் இருக்கை அத்தானுடையது. கண்காணாத தேசத்திலிருந்து ஒருவர், "என்னுடையதில் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிட்டால் போதும், நமக்கெல்லாம் எரிச்சல் வரும் இடத்தில் இவருக்கு முகம் மலர்ந்துவிடும். தன்னை நம்பி ஒருவர் இருக்கிறார் என்றால் சும்மாவா?

அக்காவின் கட்டில் வந்து இறங்கியது. சிகிச்சைக் கட்டில், நீளமாக, உயரமாக, கால் பக்கம் மடக்கித் தூக்குகிற மாதிரி. வைக்க இடமில்லை. ஹாலின் நடுவில் நிறுத்தினோம். அதைச் சுற்றிக்கொண்டுதான் சாப்பிடப் போகவேண்டும், அதைச் சுற்றிக்கொண்டுதான் கை கழுவ வரவேண்டும். அத்தானும் சுற்றினார். ஒருதரம் கால் விரலை இடித்துக்கொண்டு, "இது ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டார். அக்கா விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அந்த அதிசயம் நடந்தது. "ஒரு நிமிஷம் வாங்களேன்" என்ற குரலிலேயே வித்தியாசம். போய் நின்றோம். படம் இறங்கியது. கூந்தல் கறுப்பு. நெற்றி மாநிறம். உதட்டில் ஒரு சிரிப்பு. அக்கா அப்படியே அக்காவாக இருந்தாள். கேலி செய்யத்தான் நான் எப்போதும் போவது. அன்றைக்குக் கைதட்டிவிட்டேன். யாருமே சொல்லிக் கொடுக்காத ஒரு பாஷையைத் தானாகக் கற்று, ஒரு கிழட்டு யந்திரத்தின் வாயில் அதைப் பேசவைத்துவிட்டார் மனுஷன். சின்ன விஷயமா?

"நல்லா இருக்குங்க. நெஜமாவே நல்லா இருக்கு" என்றாள் அக்கா. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "இனிமே இதுல என்ன பண்ணப் போறீங்க?"

அத்தான் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படம் வந்துடுச்சு" என்றார்.

"வந்துடுச்சு. அதான் கேக்கறேன்."

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. பழைய விளையாட்டு ஒன்றைத் திறந்தார், மூடினார். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து தன் பெயரை அடித்தார், அழித்தார். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தையின் முகம் அவருக்கு. அப்போது திரையின் பக்கம் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு திரையில் பட்டது.

"இடது ஓரத்துல ஒரு கோடு தெரியுது பாரு."

எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் முகத்தில் உயிர் வந்துவிட்டது. "இது பழைய மானிட்டர்லயும் இருக்கான்னு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் ரெண்டு மானிட்டரும் இங்கயே இருக்கட்டும்."

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "என்கிட்ட வர்றவங்கள்லயும் இப்படிச் சிலபேர் உண்டு" என்றாள். "முட்டி சரியாப் போயிருக்கும். ஆனா சொல்லமாட்டாங்க. சரியாயிடுச்சுன்னா எந்திரிச்சு எங்கயாவது நடந்து போகணுமே."

அவளுடைய முதல் நோயாளி ஓய்வுபெற்ற தபால்காரர். வேறு வழியில்லாமல் ஹாலிலேயே படுக்கவைத்து, இரண்டு முட்டிக்கும் வெந்நீர்ப் பை கட்டி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். அசைய முடியாத ஒரு மனிதர். அத்தானுக்கு வேறென்ன வேண்டும்? மெல்லிய திரையை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, வயர் எட்டும் தூரம்வரை வந்து நின்றார்.

"ஐயா, இடது ஓரம் ஒரு கோடு தெரியுதா?"

"இல்லீங்களே."

"நல்லாப் பாருங்க."

"கண்ணாடி போடலீங்க."

அத்தான் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து அவர் மூக்கில் மாட்டினார். கோடு ஒரு புள்ளி அகலமா, இரண்டு புள்ளியா என்று கேட்டார். வெந்நீர்ப் பை ஆறி வெகு நேரமாகிவிட்டது. போகும்போது தபால்காரர் அக்காவிடம் தாழ்ந்த குரலில், "முட்டி பரவால்லம்மா. கண்ணுதான் போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் சொல்லி வருவதாக இருந்த இரண்டு பேரும் வரவில்லை.

அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அடுத்த தெருவில், மருந்துக் கடையை ஒட்டி, படியில்லாத ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தாள். கட்டிலை நானும் வண்டிக்காரரும் தூக்கிப் போனோம். இப்போது அங்கே வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தபால்காரர் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். காலையில் போகிறவள் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறாள். அத்தான் இன்னும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இந்தக் கோடு மட்டும் சரியாகட்டும் என்றிருக்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். ஹால் விசாலமாக இருந்தது. மூன்றாவதாக ஒரு மானிட்டர் வந்திருந்தது.

"உங்கக்கா முன்னெல்லாம் 'எப்ப முடியும், எப்ப முடியும்'னு நச்சரிப்பா. இப்ப ஒரு வார்த்தை கேக்கறதில்ல. எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லன்னு புரிஞ்சுகிட்டா" என்றார், மனப்பூர்வமான சந்தோஷத்தோடு.

கோடு இன்னும் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவு தூரம் படித்தவர்களில், அது எந்த மாடல் கம்ப்யூட்டர் என்று இவன் சொல்லவே இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்களே, "நமக்குக் கம்ப்யூட்டரே ஆகாது, நாம் தப்பித்தோம்" என்று காலை நீட்டாதீர்கள். இந்த இனத்துக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் இல்லை. பாதி எழுதிய புத்தகம் போதும், பாதி பிரித்த மோட்டார் சைக்கிள் போதும், பாதி கட்டிய மாடி போதும். உங்களுடையது என்ன என்று நான் கேட்கமாட்டேன். அது கிட்டத்தட்ட முடிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

எப்போது முடியும் என்று வீட்டில் யாராவது கேட்டு உயிரை வாங்குகிறார்களா? அப்படியானால் கவலையில்லை, கொடுத்து வைத்தவர் நீங்கள். கொஞ்ச நாளாக யாரும் கேட்கவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது என்றால்தான், ஒரு நிமிஷம் எழுந்து பக்கத்து அறையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.