நடு ஏரியிலிருந்து கேப்டன் ஆதிகேசவன்

காவேரிப்பாக்கம் ஏரியின் நெடிய வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி இது: கடல் காற்றே படாத அந்தத் தண்ணீரில் முதன்முறையாக ஒரு கடல் ரேடியோ மிதந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அது வாயைத் திறக்கவில்லை.

"கரை, கரை, கரை. நடு ஏரியிலிருந்து கேப்டன் ஆதிகேசவன் பேசறேன். கேக்குதா? ஓவர்."

ரேடியோ கம்மென்று இருந்தது.

"நேத்து கர்ருனாவது ஒரு சத்தம் வந்துச்சு சார். இன்னிக்கி அதுவும் இல்ல" என்றான் ஜெயசீலன். ஆதிகேசவனின் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தையல் மிஷின் தெரியும், ஜெனரேட்டர் தெரியும். படகு ரேடியோவை நேற்றுதான் கண்ணால் பார்த்தான்.

தோல்பொருள் உற்பத்தியாளர் மன்றம் வெள்ள மீட்புக்காகக் காசிமேட்டில் பழசாக வாங்கிய படகு அது. ரேடியோவும் அதோடு வந்தது. இன்று தொடக்க விழா. ஆதிகேசவன் நடு ஏரியிலிருந்து உரையாற்றுவார்; கரையிலுள்ள ரேடியோவில் வாங்கி, மைக்செட் கோபி அதை நாலு ஹாரனில் ஊருக்கே விடுவான். 'கேக்குது சார்' என்று கோபி பதில் சொன்னதும் உரை ஆரம்பம். உரை முடிந்ததும் மன்றத் தலைவர் மஹீன் பாய் மீட்புக் குழுவின் தலைவர் யார் என்று அறிவிப்பார். அது தான்தான் என்பதில் ஆதிகேசவனுக்குச் சந்தேகமே இல்லை. விசிட்டிங் கார்டு அடித்து வந்துவிட்டது. 'கேப்டன்' என்பதை அவரே சேர்த்துக்கொண்டார்.

"போன் இருந்தா கோபியை ஒரு வார்த்தை கேட்டுறலாம் சார்."

"வெள்ளத்துல டவர் இருக்குமாடா? ஒத்திகைன்னா ஒத்திகையா இருக்கணும்." இரண்டு பேருடைய போனையும் அவர்தான் பிடுங்கி, கரையில் டீச்சர் மனைவி சௌந்தரத்திடம் கொடுத்திருந்தார்.

நேற்றுச் சாயங்காலச் சோதனையில் ரேடியோ கர்ர் என்று இரைந்தபோது, "மைக்குல காத்து பூருது" என்று அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். தோல்காரருக்கு எந்த நோய்க்கும் மருந்து தோல்தான். கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் கைமைக்குக்கு ஆட்டுத்தோலில் ஓர் உறை தைக்கச் சொன்னார். உறை கொஞ்சம் தொளதொளவென்று வந்தது. அதை நனைத்து, மைக்கின் மேலேயே மாட்டி, ராத்திரி முழுக்க ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தார். ஷூவை அச்சில் ஏற்றிக் காயவைப்பதைப் போல. காலையில் உறை மைக்கை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. இழுத்தாலும் வரவில்லை. "ஃபிட்டிங்னா இது!" என்று அவர் மகிழ்ந்தார்.

"பவர் வருதா பாரு."

"சிவப்பு லைட்டு எரியுது சார். ஆனா நேத்து இது எரிஞ்ச மாதிரி ஞாபகம் இல்லயே."

"எரியுதில்ல? அப்புறம் இன்னா! ஆன்டெனாதான் கம்மி உசரம். தூக்கிக் கட்டு."

படகில் உயரமானது ஒரே ஒரு மூங்கில். அதில் ஆதிகேசவன் கைகூப்பிச் சிரிக்கும் பேனர் பறந்துகொண்டிருந்தது. ஆன்டெனாவை அதன் உச்சியில் கட்டுவதற்காக ஜெயசீலன் கயிற்றைத் தளர்த்தினான். பேனர் விடுபட்டு ஏரியில் விழுந்தது. கைகூப்பியபடியே மெதுவாக மூழ்கியது.

ரேடியோவில் மாற்றம் இல்லை.

ஆதிகேசவன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். மேடையில் சௌந்தரம் இரண்டு கையையும் தலைக்கு மேலே வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ ஒருத்தி, டாட்டா காட்டறா. உரை எழுதிக் குடுத்தாளே, அதை நீ படிச்சியா? எனக்கே தூக்கம் வருது. சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவா."

"உரை நீங்களே எழுதினதா இன்விடேஷன்ல போட்டிருக்கே சார்?"

"போடறதுதான்டா. டீச்சரம்மா எழுதினான்னா யாரு கேப்பான்?" மறுபடி பைனாகுலரில் பார்த்தார். "இப்ப ஏதோ பேப்பரைக் கிழிக்கிறாளே?"

"பூ மாதிரி தூவறதுக்கு இருக்கும் சார்."

ஆதிகேசவன் நெகிழ்ந்துபோனார்.

அடுத்து பேட்டரி. ரேடியோவுக்குக் கரன்ட் கம்மி என்பது அவருடைய முடிவு. இன்ஜின் பேட்டரியைக் கழற்றி ரேடியோவுக்குக் கொடு என்றார். "இன்ஜின் ஓடிட்டிருக்கு சார்" என்று ஜெயசீலன் இழுத்தான். "ஓடறதுக்கு எதுக்குடா பேட்டரி?" என்றார் அவர். ஜெயசீலன் எதை எதையோ பிடுங்கினான். படபடவென்று ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு இருமலோடு நின்றது. பிறகு எத்தனை இழுத்தும் கிளம்பவில்லை. காற்று படகைக் கரைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளத் தொடங்கியது.

ஆதிகேசவன் சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா சார் உள்ள?"

"லைஃப் ஜாக்கெட். சொல்லாத. மீட்புக் குழுத் தலைவருக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரிஞ்சா அசிங்கம்."

"நம்ம தொண்டர் பசங்களுக்கும் ஜாக்கெட் வாங்கியிருக்கலாமே சார்?"

"அதான் ஷூ குடுத்தேனே, ஃப்ரீயா! எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தான். தண்ணி பட்டா அடிப்பாகம் பிரிஞ்சிக்கும். மீட்புன்னா கரையில நின்னு கயிறு போடறதுதானே, தண்ணியில இறங்கப் போறானுங்களா?" அவர் பைனாகுலரை உயர்த்தினார். சட்டென்று முகம் மலர்ந்தது. "டேய், அங்க பாரு! எல்லாப் பசங்களும் ஒரே நேரத்துல குனியறானுங்கடா! எனக்கு மரியாதை பண்றானுங்க."

ஜெயசீலன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். "குனிஞ்சவனுங்க நிமிரவே இல்ல சார்."

"பயிற்சி அப்படி."

இப்போது இன்ஜின் சத்தம் இல்லாததால் கரையிலிருந்து காற்றில் ஏதோ மங்கலாக மிதந்து வந்தது. ஹாரன்களை ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னவர் ஆதிகேசவன்தான். 'மீனுக்கா பேசப் போறேன்?' என்று கேட்டிருந்தார்.

"ஊருக்குள்ள ஏதோ மீட்டிங் போல" என்றார் காதைத் தீட்டிக்கொண்டு. "எவனோ கத்தறான். கேக்கவே பேஜாரா இருக்கு. இந்த மாதிரி தொண்டையை எல்லாம் மைக் பக்கமே விடக் கூடாது."

"நீங்க பேசறப்பதான் சார் அவனும் பேசறான். நீங்க நிறுத்தினா நிறுத்திடறான்."

"மரியாதை தெரிஞ்சவன்."

ஜெயசீலனுக்கு மண்டை குழம்பியது. சிவப்பு விளக்கைப் பார்த்தான், உறையைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். ஒன்றோடொன்று சேரவில்லை.

"சார், மஹீன் பாய் கோச்சிக்க மாட்டாரா? எவ்ளோ நேரமா வெயில்ல உக்காந்திருக்காரு."

"அவரா? அவரை நான் பாத்துக்கறேன். ஆற்காட்டுல இருந்து ஒரு பெட்டி மக்கன் பேடா வரவழைச்சு மேடையிலயே வச்சிட்டேன் இல்ல? பேடான்னா மனுஷன் கையெழுத்து இன்னா, சொத்தையே எழுதிக் குடுப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "வர்ற வழியில கார்ல நான் ரெண்டு எடுத்துத் தின்னுட்டேன். மிச்சத்தைத் தள்ளித் தள்ளி அடுக்கி, இடைவெளியே தெரியாம பண்ணிட்டேன். அதுல நான் எக்ஸ்பர்ட்."

பைனாகுலரில் மேடை தெரிந்தது. மஹீன் பாய் பெட்டியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதற்குள் குனிந்திருந்தார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தது.

"பாருடா, சாப்பிடறதுக்கு முன்னாடியே தொட்டுத் தொட்டு ரசிக்கிறாரு. பதவி நமக்குத்தான்! இந்த ரேடியோ மட்டும் பேசினா போதும். கரை, கரை! கேக்குதா? கோபி! காது இன்னா அடைச்சிக்கிச்சா? ஓவர்!"

மௌனம்.

கேப்டனின் பொறுமை எல்லை கடந்தது. மைக்கை ஓங்கி வீசினார். அது படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போய், சுருள் வயரின் தயவில் அங்கேயே தொங்கியது. ஜெயசீலன் பதறி ஓடினான். வயர் எதிலோ சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, ஒருவழியாக மேலே கொண்டுவந்தபோது மைக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ராத்திரி முழுக்க இறுகிய ஆட்டுத்தோல் ஊறி நெகிழ்ந்து, காலுறை கழல்வதைப் போல வழுக்கிக்கொண்டு அவன் கைக்கு வந்தது.

உள்ளே, பேசும்போது மட்டும் அழுத்த வேண்டிய பட்டன் டக் என்று எழும்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

ரேடியோ, "கர்ர்ர்ர்" என்றது.

"வந்துச்சு! வந்துச்சுடா!" ஆதிகேசவன் குதித்ததில் படகு ஆடியது. "பாத்தியா? மெரைன் ரேடியோடா இது! தண்ணியில நனைச்சாத்தான் வேலை செய்யும்! ஒருத்தனாவது சொன்னானா?"

ஜெயசீலன் ஒரு கையில் உறையும் ஒரு கையில் மைக்குமாக, அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

"சார்... இந்த உறை..."

"உறை கிடக்குது விடு! உஷ்! கோபி வர்றான்!" ஆதிகேசவன் தலையை வாரிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

இரைச்சல் அடங்கியது. மைக்செட் கோபியின் குரல் பக்கத்திலிருந்து பேசுவதைப் போலத் தெளிவாக வந்தது.

"சார், கோபி பேசறேன். நாங்க கூப்பிட்டதுதான் உங்களுக்குக் கேக்கல, நீங்க ஏறினதுல இருந்து பேசினதெல்லாம் நாலு ஹாரன்லயும் ஊருக்கே கேட்டுச்சு. மஹீன் பாய் பேடாவை எண்ணிட்டாரு, ரெண்டு கம்மியாம். ஓவர்."