ரேவியின் வேப்புக்கு நான் திரி போட்ட கதை

தோகொரோவா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கொழுந்தன் மத்தியூவுக்கு, அண்ணி ஹூஹானா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். பிரிஸ்பேனில் நீயும் உன் இருமலும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

உன் அண்ணன் ரேவி போய் வருசம் ஆகப்போகுது. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை, நம்ம வழக்கப்படி, கல்லறைக் கல்லை மூடியிருக்கிற துணியை எடுக்கிறோம். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாச் சொன்னது உனக்கே தெரியும்: "என் வேப்பைத் தம்பிகிட்ட குடு. அவனாவது சிகரெட்டை விடட்டும். நான் விட்டது லேட்டு." அந்த மின்சிகரெட்டை அன்னைக்கு உன் கையில் தரணும்னு எடுத்து இழுத்துப் பார்த்தேன். தொண்டையில் தலையணை எரிஞ்ச நாத்தம்! உள்ளே பஞ்சுத்திரி கருகியிருக்கு, மாத்தணுமாம். இதென்ன பெரிய வித்தை, சடங்குப் போர்வைக்கு நாப்பது வருசம் தொடையில் நார் முறுக்கினவள் நான்னு, புதுப் பஞ்சையும் தொடையில் வைத்து இறுக்கி முறுக்கி, சூடேறுற கம்பிச்சுருளுக்குள் திணிச்சேன். புகையாகிற அந்தக் கஸ்டர்டு வாசனைச் சாறு திரியில் ஒரு சொட்டுகூட ஏறலை. மறுபடி கருகல். வேப் கடைக்குக் கொண்டுபோனா அங்கே வேலை பார்க்கிற பொண்ணு ஆனஹேரா சிரிக்கிறா. "ஆன்ட்டி, இது திரியா, படகு கட்டுற கயிறா? லூசா விடுங்க, அப்பதான் சாறு குடிக்கும்."

விட்டேன், ரொம்பவே லூசா. ஞாயித்துக்கிழமை சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது பைக்குள்ளேயே ஒழுகி, கறுப்புப் பாவாடையெல்லாம் கஸ்டர்டு வாசம். போதகர் ஜெபத்தை நிறுத்திட்டு மோந்து பார்க்கிறார். "ஹூஹானா, இன்னைக்கு உங்க வீட்லதான் சாப்பாடா?" வருசத்துல முதல் தடவையா எனக்குச் சிரிப்பு வந்துச்சு தம்பி, அடக்க முடியலை.

மறுநாள்தான் பிடிபட்டது. பஞ்சு சுருளுக்குள் லேசா உரசி நழுவணும். ரெண்டு நுனியையும் சீவி மெலிசாக்கி, சாறு வர்ற துளையை மூடுற அளவுக்கு வைக்கணும், அமுக்கக்கூடாது. நனைச்சிட்டு அஞ்சு நிமிசம் சும்மா உட்காரணும், அதுதான் கஷ்டம். இழுத்தேன். வேலியோரம் நின்னு அவர் விடுவாரே, அதே கஸ்டர்டு மேகம்! சோபாவுக்கு அடியில் கிடந்த நாய் எழுந்து, வாலை ஆட்டிக்கிட்டு வேலி வரைக்கும் ஓடித் தேடிட்டு வந்துச்சு. நானும் பின்னாலேயே போனேன், ஏன் பொய் சொல்லணும்.

அதனால் கட்டாயம் வா. வேப் தயாரா இருக்கு. சிகரெட் சுருட்டுற புகையிலைப் பொட்டலத்தை விமான நிலையத்திலேயே குப்பையில் போடு. கர்த்தர் உன் நெஞ்சைச் சளியில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி ஹூஹானா

பி.கு.: உன் அண்ணன் விட்டப்பவே நானும் சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்னேனே, அது பொய். துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால் தினமும் ஏழு. இந்த வேப்பைச் சரிபார்க்கிறேன்னு இழுத்து இழுத்து, இன்னையோட எட்டு நாளா ஒண்ணைக்கூடத் தொடலை. அதனால் வேப்பைத் தரமாட்டேன். ஆனஹேராகிட்ட உனக்குப் புதுசா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லியாச்சு. வா, திரி போட நான் சொல்லித்தர்றேன்.