அரைத் தூக்க சர்வர்

மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்குப் புதிய சர்வர் வந்த அன்று, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து முறைப்படி சடங்கு நடந்தது. பழைய சர்வர் ஒரு பெயரைத் தேடிக் கொடுக்க நாற்பது நொடி எடுத்துக்கொண்டது. எட்டு மடங்கு பெரிய புதியது மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது.

அதைச் சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளர் விலுஜெங் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாது என்று எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் மேலதிகாரி சுகியார்தோ அன்போடு தெரிவித்திருந்தார்.

வியாழனன்று உயர்மட்ட ஆய்வுக் கூட்டம் கூடிக் காரணத்தைக் கண்டறிந்தது. சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டி மூத்தவருக்குக் கொடுப்பதே மரபு. இவர்களோ சர்வர் விற்ற கம்பெனிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அதான்! இங்க யாரு பெரியவங்கன்னே மெஷினுக்குத் தெரியல," என்றார் சுகியார்தோ.

உடனே இரண்டாவது கோபுரம் வந்தது. உச்சி உரிய வயிற்றுக்குள் போயிற்று. தேடல் மூன்று நிமிடம் ஐந்து நொடியாயிற்று. சோற்றோடு வந்த கோழிக்கறி திருப்திகரம் என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

விலுஜெங் மட்டும், இதுவரை யாருக்கும் தோன்றாத ஒரு காரியம் செய்தாள். சர்வரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள்.

"பாக், கண்டுபிடிச்சுட்டேன். மின்சாரத்த மிச்சம் பிடிக்கிற மாதிரி வச்சிருக்கு. அரைத் தூக்கத்துல வேலை பாக்குது. மாத்தினா ஓடும்."

"யாரு அப்படி வச்சது?"

"நீங்கதான் பாக். உங்க சுற்றறிக்கை இருபத்தேழு. எல்லாக் கருவியும் சிக்கன நிலையில இருக்கணும்னு."

சுவரில் மாட்டியிருந்த மாகாணச் சிக்கன விருதைச் சுகியார்தோ ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அரைத் தூக்கத்துல வேலை பாக்குறது ஒரு குத்தமாம்மா? அப்படிப் பாத்தா இந்த ஆபீஸ்ல..."

பன்னிரண்டு ஊழியர்கள் அவசரமாகக் கோப்புகளைப் புரட்டினார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் பரீட்சார்த்தமாக அனுமதி வாங்கினாள். தேடல் இரண்டே நொடி. ஒன்பதரை மணிக்குக் கூடம் காலியாகிவிட்டது. பத்து மணிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். முன்னால் நின்றவர் பக்ஸோ சூப் வண்டிக்காரர் கார்ஜோ. கையில் மகளின் பிறப்புச் சான்றிதழ்.

"ஏம்மா, இது ஒரிஜினல்தானா?"

"ஒரிஜினல்தாங்க."

"ரெண்டு செகண்டுல வந்துச்சே! எங்கண்ணன் மூணு நாள் அலைஞ்சு வாங்கினான், அது சான்றிதழ். இத ஸ்கூல்ல நீட்டி என்னை உள்ள தள்ளிட்டா வண்டிய யாரு தள்ளுறது?"

"ஆமா, எங்களுக்கு மெதுவா ஒண்ணு எடுத்துக் குடுங்க!" என்று கூட்டம் குரல் கொடுத்தது.

"மக்கள் தீர்ப்பு, பாத்தியா?" என்றார் சுகியார்தோ.

விலுஜெங்குக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வேலை முக்கியம். தன் கையாலேயே சர்வரை மறுபடி தூங்க வைத்தாள். சர்வரின் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பூட்டிய சுகியார்தோ, மனம் குளிர்ந்து அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டித்தார். பதவியின் பெயர், வேகக் கட்டுப்பாட்டு நிபுணர்.

"ஒரே ஒரு காகிதம் குறையுதும்மா. உன் குடும்ப அட்டையோட புது நகல். நாலு மணிக்குள்ள குடுத்துடு, இல்லேன்னா ரத்தாயிடும்."

அதைக் கொடுப்பதும் இதே அலுவலகம்தான்; கீழே ஒரே கவுண்டர். வெள்ளிக்கிழமைத் தொழுகை இடைவேளை முடிந்து மதியம் ஒரு மணிக்கு அவள் வாங்கிய டோக்கனுக்கு முன்னால் நூற்றுப் பதினேழு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம், ஐந்து நொடி.

அவள் முகத்தைப் பார்த்துக் கார்ஜோவே ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதம்மா. இப்பதான் எல்லாம் ஒழுங்கா நடக்குது."